அந்த வெறி இல்லை

எங்கள் நாய்க்குப் பெயர் கிடையாது. பிறவியிலேயே காது கேட்காத நாய்க்குப் பெயர் வைத்து யார் கூப்பிட, யார் கேட்க? எங்கள் ராஜபாளையத்து வெள்ளை நாய்களில் இப்படிச் சில பிறக்கும். உடம்பு முழுக்கப் பால் வெள்ளை, மூக்கு ரோஸ் நிறம், காது மட்டும் அடைப்பு. கூப்பிட வேண்டுமென்றால் குதிகாலால் தரையில் இரண்டு மிதி மிதிக்க வேண்டும். அதிர்வு பாதத்தில் ஏறியதும் திரும்பிப் பார்ப்பான். பார்த்துவிட்டால் போதும், கையை ஆட்டினால் வந்துவிடுவான். என் வீட்டுக்காரர் ஸ்ரீவில்லிபுத்தூரில் போலீஸ் ஏட்டு. அவர் பூட்ஸ் காலோடு வாசலில் மிதிக்கிற மிதிக்கு, பின்கட்டில் கிடக்கிறவன் எழுந்து ஓடி வருவான். அப்போது அவர் முகத்தில் வருகிற சிரிப்பைப் பெற்ற மகளிடம்கூடக் காட்டியதில்லை என்று நான் சண்டை போட்டிருக்கிறேன்.

அவனுக்கு முன்னங்காலில் வீக்கம் வந்தது. எங்கேயோ இடித்துக்கொண்டான் என்று மஞ்சளும் உப்பும் பற்றுப் போட்டேன். வீக்கம் வற்றவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மாட்டு டாக்டரிடம் காட்டிப் படம் எடுத்தோம். மாட்டு டாக்டர் என்று நாங்கள் சொல்வதுதான். அவர் நாய், பூனை எல்லாம் பார்ப்பார். எலும்பில் புற்று என்றார். காலை எடுத்துவிடலாம், ஆனால் இந்த வயதில் தாங்குவானா தெரியாது, மாத்திரை தருகிறேன், வலி கூடினால் உடனே வாருங்கள், மருந்தைக் கூட்டலாம் என்று சொல்லி அனுப்பினார்.

வலி கூடத்தான் செய்தது. நாங்கள்தான் போகவில்லை. போனால் இன்னும் என்ன சொல்வாரோ என்று பயம். அவன் முனக ஆரம்பித்தான். குரைப்பு இல்லை, ஊளை இல்லை. மூடிய வாய்க்குள்ளிருந்து ம்ம்ம் என்று ஒரு சத்தம். அது தன் காதுக்கே கேட்காது என்பதால் அடக்கவும் அவனுக்குத் தெரியவில்லை. முன்னறையில் நான் தையல் மிஷினை ஓட்டினால் அந்தச் சத்தம் அமுங்கும், நிறுத்தினால் மறுபடி கேட்கும். வேலை இருக்கிறதோ இல்லையோ, மிதித்துக்கொண்டே இருந்தேன். அவர் டிவியைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி வைப்பார். அதற்கும் அடங்காவிட்டால் சட்டையை மாட்டிக்கொண்டு டூட்டி என்று கிளம்பிவிடுவார். டூட்டி இல்லாத நாளிலும் கிளம்பியிருக்கிறார்.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகளிடம் இதைச் சொல்லி அழுதேன். அவள் சொன்னாள்: "அம்மா, வெளிநாட்டுல கஞ்சாச் செடியிலருந்து எண்ணெய் எடுத்து, வலி இருக்க நாய்க்குக் கொடுக்காங்களாம். இங்ககூட ஏதோ கிடைக்குதுங்காங்க. டாக்டர்கிட்ட கேட்டுப் பாரேன்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டைத் தள்ளினார். "ஏட்டி, போன வைக்கச் சொல்லு அவள. போலீஸ்காரன் வீட்டுல பேசுற பேச்சா இது? பொட்டலம் வச்சிருந்தவன இப்பத்தான் புடிச்சு உள்ள தள்ளிட்டு வாரேன். என் வீட்டுலயே அந்தப் பேரா?" மகள் போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

சில நாள் கழித்து என் கொழுந்தன் வந்தான். அவருடைய தம்பி, மகாராஜபுரத்தில் விவசாயம். அமாவாசை தவறாமல் சாமி கும்பிட மலை ஏறுகிற ஆள். கையில் சின்ன பிளாஸ்டிக் டப்பா. திறந்தால் கறுப்பாக லேகியம் மாதிரி இருந்தது, நெய் வாசனையும் ஒரு பச்சை வாடையும்.

"மதினி, வலிக்கு நல்ல மருந்து. மலையடிவாரத்துல ஒருத்தர் கிண்டிக் கொடுத்தாரு. எல்லாம் மூலிகை."

"என்ன மூலிகை?"

"மூலிகைன்னா மூலிகைதான் மதினி. பேரெல்லாம் நாங் கேட்டேனா?"

கல்யாண வீட்டு ஜாக்கெட் ஒன்று அவசரமாகத் தைத்துக்கொண்டிருந்தேன். அவனே இட்லியில் வைத்து நாய்க்கு ஊட்டினான். நெய் வாசனைக்கு நாயும் ஆவென்று வாங்கித் தின்றான். கொஞ்சம் கொடுத்தால் போதாதா என்று நான் கேட்டதற்கு, "எம்புட்டு பெரிய உடம்பு மதினி இது, அம்புட்டும் வேணும்" என்று சொல்லி டப்பாவை வழித்துப் போட்டுவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டான்.

ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்து முடித்தபோதுதான் முனகல் நின்றிருப்பதைக் கவனித்தேன். அட, மருந்து கேட்டுவிட்டதே என்று ஒரு சந்தோஷம். எட்டிப் பார்க்கப் பின்கட்டுக்குப் போனேன்.

அங்கே அவன் கோலமே வேறாக இருந்தது. நாலு காலையும் அகட்டி வைத்து நின்றுகொண்டிருந்தான். தலை மேலும் கீழும் ஆடியது. உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து, விழப்போகிற நேரத்தில் நிமிர்ந்து, மறுபடி சாய்ந்தது. வாயிலிருந்து நூல் நூலாக எச்சில். நின்ற இடத்திலேயே மூத்திரம் சொட்டிக்கொண்டிருந்தது, அது அவனுக்கே தெரியவில்லை. வெயிலில் நின்றும் கண்மணி முழுசாக விரிந்து கண் கறுப்பாக இருந்தது. தரையில் மிதித்தேன். திரும்பவில்லை. கிட்டே போய்க் கையை நீட்டினேன். அடிக்க வந்தவர்களைப் பார்த்த மாதிரி துள்ளிப் பின்னால் விழுந்தான். தூக்கி நிறுத்தப் போன என் கை முழுக்க அவன் எச்சில்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. இந்த வருஷம் அவனுக்கு வெறிநாய் ஊசி போடவில்லை. இருக்கிற வலியில் ஊசி வேறா என்று தள்ளிப் போட்டிருந்தோம். எச்சில், தள்ளாட்டம், ஆள் அடையாளம் தெரியாமை. எல்லாம் சரியாகப் பொருந்தியது. என் விரலைப் பார்த்தேன். தையல்காரி விரல், நுனியெல்லாம் ஊசி குத்திய புள்ளி. ஐயோ, எனக்கும் ஏறிவிட்டதா? குழாயடிக்கு ஓடி சோப்புப் போட்டுத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்கப் பயம் கூடியது. அவர் நம்பருக்கு அடித்தேன், எடுக்கவில்லை. கோர்ட் டூட்டி என்று காலையில் சொன்னது நினைவு வந்தது. கை ஈரத்தோடு போனைத் துவைக்கல்லில் வைத்து, ஸ்பீக்கரைப் போட்டுக் கொழுந்தனுக்கு அடித்தேன்.

"தம்பி, பய நிக்க மாட்டேங்கான். எச்சி வடியுது. என்னமோ மாதிரி பாக்கான்" என்று கத்தினேன்.

அவன் தோட்டத்தில் இருந்தான், மோட்டார் சத்தம் கேட்டது. "பயப்படாதிய மதினி, வெறிதான். வெறி ஏறியிருக்கும்" என்றான். அதோடு லைன் அறுந்தது.

வெறி! நான் பயந்த சொல்லை அவன் வாயாலேயே கேட்டதும் மறுபடியும் சோப்பை எடுத்துக் கையைத் தேய்த்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் குடம் கீழே விழுந்த சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரி தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"தேவுடா! வெறியா? ஏட்டம்மா, உங்க நாய்க்கு வெறி புடிச்சிருச்சா?"

நான் பதில் சொல்வதற்குள் அவள் தெருவுக்கு ஓடிவிட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். நடை பழகுகிற பேத்தி அவள் வீட்டில் இருக்கிறது, எங்கள் கேட்டைப் பிடித்துக்கொண்டுதான் அது நிற்கப் பழகியது. அவள் இடத்தில் நான் இருந்தாலும் ஓடியிருப்பேன்.

செத்த நேரத்தில் வாசலில் கூட்டம். மில்லில் காலை ஷிப்ட் முடிந்து வந்த ஆட்கள், கடைக்காரர், எல்லோரும் தெரிந்த முகங்கள். அந்த நாய் குட்டியாக இருக்கும்போது மடியில் வைத்துக் கொஞ்சியவர்கள். இப்போது ஒருவர் கையில் உலக்கை, இன்னொருவர் கையில் இரும்புக் குழாய். சந்து வழியாக அவனும் தள்ளாடித் தள்ளாடி முன்வாசலுக்கே வந்து, கேட் கம்பியில் தலையை முட்டிக்கொண்டு நின்றான். நான் குறுக்கே போய் நின்றேன்.

"ஏட்டம்மா, தள்ளுங்க. பாத்தாலே தெரியுது."

"கட்டிப் போடுதேன்யா. டாக்டருக்குச் சொல்லுதேன்."

"கட்டப் போற ஆளக் கடிச்சா? பிள்ளைக நடமாடுற தெரு இது. அது படுற பாட்டுக்கு, போறது அதுக்கும் நல்லதுதான்."

கடைசியாகச் சொன்னதுதான் என்னைச் சுட்டது. நானே பல நாள் மனசுக்குள் நினைத்ததுதான் அது. ஆனால் உலக்கையாலா? அவனுக்குப் பின்னால் வருகிற காலடிகூடக் கேட்காதே! தெருவே கத்திக்கொண்டிருக்க, அவன் அந்தக் கத்தலுக்கு நடுவில் ஒன்றும் தெரியாமல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். அவர்களைப் பார்த்தும் பயம், எனக்குப் பின்னால் நிற்கிறவனைப் பார்த்தும் பயம். இவன் இப்போது என் காலைக் கவ்வினால் என்ன செய்வேன்?

துவைக்கல்லிலிருந்து எடுத்து இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. கொழுந்தன்.

"மதினி, லைன் கட்டாயிருச்சு. ஒண்ணும் பண்ணாதிய, தூங்கினா எறங்கிரும்."

"எதுய்யா எறங்கும்? வெறி எறங்குமா? தெருவே உலக்கையோட நிக்குது, எறங்கும்ங்கீரு!"

"ஐயோ மதினி, அந்த வெறி இல்ல! நாய்க்கு வார வெறி இல்ல. குடிச்சவனுக்கு ஏறுமே, அந்த வெறி."

எனக்குச் சட்டென்று உறைத்தது. ராஜபாளையத்துக்காரியான நான் போதை என்பேன். கொழுந்தன் எதற்கும் வெறி என்பான். கள் குடித்தாலும் வெறி, புகையிலை போட்டுத் தலை சுற்றினாலும் வெறி. இத்தனை வருஷம் கேட்டுப் பழகிய பேச்சு, பயத்தில் புத்திக்கு எட்டவில்லை.

"என்னத்தய்யா கொடுத்தீரு?"

மோட்டாரை நிறுத்தினான். பிறகு குரலை இறக்கிச் சொன்னான். "இலை மதினி. கஞ்சா. அண்ணன் பேரு வெளிய வந்துறாமப் பாத்துக்கோங்க."

போனை வைத்தேன். நாய்க்கு வெறிநோய் இல்லை என்ற நிம்மதி மூச்சு விடுகிற நேரம்கூட நிலைக்கவில்லை. போலீஸ் ஏட்டு வீட்டு நாய் வயிற்றில் கஞ்சா. வெளியே சொன்னால், டப்பா பின்கட்டில் கிடக்கிறது. ஸ்டேஷனுக்குச் செய்தி போக எத்தனை நேரம் ஆகும்? சஸ்பெண்ட், விசாரணை, பேப்பரில் பெயர், மகளுக்கு வரவிருந்த சம்பந்தம். சொல்லாவிட்டால் அந்த உலக்கை. வேறு ஏதாவது சொல்லிப் பார்க்கலாமா என்று வாயெடுத்தேன். "வெறி இல்லய்யா, மருந்து சேரல" என்றேன்.

"என்ன மருந்து?" என்றார் உலக்கைக்காரர். "நீங்க போன்ல வெறின்னு பேசினத இந்தம்மா கேட்டிருக்கு. ஏட்டு வீடுங்கறதுக்காக மறைக்காதீங்க. தள்ளுங்க." கேட் தாழ்ப்பாளில் கை வைத்தார்.

எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்தது என்று இன்றும் தெரியாது. "கஞ்சா!" என்று கத்தினேன். "கஞ்சா தின்னுருக்கான்யா! கஞ்சா லேகியம்! வெறிநோய் இல்ல, போதை! டப்பா உள்ள கிடக்கு, வந்து மோந்து பாருங்க! போதுமா?"

தாழ்ப்பாளில் இருந்த கை இறங்கியது. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "ஏட்டு வீட்டு நாயா? கஞ்சாவா?" என்று இன்னொருவர் கேட்க, சிரிப்பு பரவியது. என் மானம் அப்படியே தெருவில் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரிதான் சிரிக்கவில்லை. அவள் போய் ஆட்டோவைக் கூட்டி வந்தாள். சாக்கில் சுற்றி அவனைத் தூக்கி வைத்தது அந்த உலக்கைக்காரர்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற வழி முழுக்க அவன் தலை என் மடியில். உடம்பு குளிர்ந்துகொண்டே வந்தது. ஒரு பயம் போய் அடுத்தது வந்து உட்கார்ந்திருந்தது. வெறிநோய் இல்லை, சரி. இது மட்டும் உயிரை எடுக்காதா? மூக்கின் முன்னால் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டே போனேன்.

டாக்டர் வாயைத் திறந்து பார்த்தார், கண்ணில் டார்ச் அடித்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். "என்ன தின்னுச்சு? உண்மையச் சொல்லுங்கம்மா."

ஒரு தரம் தெருவில் கத்தியாகிவிட்டது. இரண்டாவது தரம் சுலபமாக வந்தது. சொன்னேன்.

"சொன்னது நல்லதாப் போச்சு" என்றார். "ஊசியும் போடல, எச்சியும் வடியுது. நீங்க மறைச்சிருந்தா வெறிநோய்னு நெனச்சுத் தனியாக் கட்டிப் போட்டிருப்பேன், கையே வச்சிருக்க மாட்டேன்." குளுக்கோஸ் ஏற்றினார். நாய் சின்ன அசைவுக்கும் துள்ளியதால் ஜன்னலைச் சாத்தி அறையை இருட்டாக்கி, மேலே கம்பளி போர்த்தச் சொன்னார்.

"டாக்டர், வெளிநாட்டுல நாய்க்கு இத மருந்தாக் கொடுக்காங்கன்னு மக சொன்னா. அது பொய்யா?"

"பொய் இல்லம்மா. ஆனா அது வேற. அந்தச் செடியிலருந்து போதை தர்ற பாகத்த நீக்கிட்டு எண்ணெய் பண்ணுதாங்க. மூட்டு வலிக்கு, வலிப்புக்குக் கொடுத்துப் பாக்காங்க. சில நாய்க்குக் கேக்குதுன்னு சொல்லுதாங்க. எம்புட்டு கொடுக்கணும், கூட இருக்க மாத்திரையோட சேருமா, ஈரல் தாங்குமா, இதெல்லாம் இன்னும் முழுசாத் தெரியல. உங்க நாய் புத்துக்கு அது உதவும்னு என்னால சொல்ல முடியாது. நீங்க கொடுத்தது வெறும் போதை. மனுசனவிட நாய்க்கு அது மோசமா ஏறும். அந்த லேகியத்துல எம்புட்டு இருக்குன்னு கிண்டினவனுக்கே தெரியாது."

"வலி தெரியாம இருக்கானா டாக்டர் இப்ப? முனகலே நின்னு போச்சே."

"வலி இல்லையா, இல்ல முனகக்கூட முடியலையான்னு எனக்குத் தெரியாதும்மா" என்றார். வீட்டில் முனகல் நின்றதும் நான் சந்தோஷப்பட்டேனே, அது நினைவுக்கு வந்தது.

வாசலில் பூட்ஸ் சத்தம். ஆட்டோவில் வரும்போதே அவரைப் போனில் பிடித்து, டாக்டரிடம் வாங்க என்று மட்டும் சொல்லியிருந்தேன். கோர்ட்டிலிருந்து அப்படியே யூனிபார்மோடு வந்திருந்தார். நான் எழுந்து சுவரோடு ஒட்டி நின்றேன். கல்யாணம் ஆனதிலிருந்து அவருக்கு அத்தனை பயந்ததில்லை. "தெருவே கேக்க கஞ்சான்னு கத்திட்டேன்" என்றேன். "உங்க வேலைக்கு உல வச்சிட்டேன். அடிச்சே கொன்னிருப்பாங்க, எனக்கு வேற வழி தெரியல."

அவர் என்னைப் பார்க்கவில்லை. மேஜையில் கிடந்தவனைத்தான் பார்த்தார். டாக்டர் மெதுவாக, "யார் சார் கொடுத்தது?" என்று கேட்டார்.

நான் முந்திக்கொண்டேன். "என் கொழுந்தன்தான், டாக்டர். பாவம், அவனுக்குத் தெரியாது, மூலிகைன்னு நெனச்சுக் கொடுத்துட்டான்."

"தெரிஞ்சுதான் கொடுத்தான்" என்றார் என் வீட்டுக்காரர். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "நாந்தான் தம்பிகிட்ட வாங்கிட்டு வரச் சொன்னேன். இவன் முனகுறத என்னால கேக்க முடியல சார்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த இடத்திலேயே நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பேன். மகள் வாயை அடக்கின மனுஷன்! எவனையோ பிடித்து உள்ளே தள்ளிவிட்டு வந்து, அதையே தன் வீட்டுக்கு வரவழைத்த மனுஷன்! என்னிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா? ஆனால் அதற்குள் அவர் தொப்பியை ஓரமாக வைத்துவிட்டு, குனிந்து அவன் வாயில் வடிந்த எச்சிலைக் கைக்குட்டையால் துடைக்க ஆரம்பித்தார். போதைக்காரர்களைப் பிடிக்கிற கை அது.

பின்னால் நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தெருவில் யாரும் புகார் கொடுக்கவில்லை. கேலி மட்டும் ஓயவில்லை, டீக்கடையில் அவரைக் கண்டால், "ஏட்டையா, லேகியம் இருக்கா?" என்பார்கள். அவர் தலை குனிந்து டீயைக் குடிப்பார். தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் இன்றைக்கும் என் கால் மிஷினில் நின்றுவிடுகிறது.

அன்றைக்குப் பொழுது சாயும்வரை அந்த இருட்டு அறையில் இருந்தோம். நாயை மேஜையிலிருந்து தரைக்கு மாற்றியிருந்தார்கள். அவர் அவ்வப்போது பூட்ஸ் காலால் தரையில் இரண்டு மிதி மிதித்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. டாக்டர் வந்து நெஞ்சைக் கேட்டுவிட்டு, இன்னும் பார்க்கணும் என்றார். நான் தெரிந்த சாமிக்கெல்லாம் வேண்டிக்கொண்டேன். அவர் மறுபடி மிதித்தார். மறுபடி.

கம்பளிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. ம்ம்ம். மெல்லிசாக, பழைய முனகல். கால் வலி திரும்பிவிட்டது. நான் எத்தனையோ நாள் மிஷினை ஓட்டி அமுக்கப் பார்த்த சத்தம், அவர் டிவி போட்டு அமுக்கப் பார்த்த சத்தம். அதைக் கேட்டதும் எனக்குப் போன உயிர் வந்தது. வந்த வேகத்தில் அழுகையும் வந்தது, அவன் வலியில் முனகுகிறானே, அதற்குப் போய் சந்தோஷப்படுகிறோமே என்று. டாக்டர் வலிக்கு ஊசி எடுக்க உள்ளே போனார்.

அவர் யூனிபார்மோடு தரையில் உட்கார்ந்து, அவன் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "கத்துலே" என்றார். "நல்லாக் கத்து. நான் கேக்கேன். எங்கயும் போகல." காது கேட்காத நாயிடம் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.